பட்டினி கிடந்த இலை

வாத்தியார் வேலையில் பாடம் புரியாத பிள்ளைகளை எப்படியும் சமாளித்துவிடலாம். நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளிடம் மாட்டியவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். சுதந்திரம் வந்த புதிதில், கொட்டாரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துத் திருப்தியானால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புகை

மத்தியானம் முதல் பீரியட். ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்க வெயில் அசையாமல் கிடந்தது. பிள்ளைகளுக்குப் பாதிக் கண் மூடியிருந்தது, எனக்கும்தான். அந்த மயக்கத்திலேயே சொன்னேன்: "இலைதான் செடிக்கு அடுக்களை. வேர் தண்ணீர் கொண்டு வருது, இலை காத்தை இழுக்குது, வெயில்தான் தீ. சத்தமில்லாம சோறு பொங்குது." சொல்லும்போதே வயல் நெடுக அடுப்பு எரிவதாக எனக்குத் தோன்றிவிட்டது. சொக்கிப்போய் நின்றேன்.

கடைசி பெஞ்சு முருகன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "இத்தன அடுப்பு எரியுதே சாரே, ஒரு பொட்டுப் புகையக் காணலியே?"

மூடாக்கு

ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. சூரியனையே காணோம். உண்ணுகிற நேரத்தில் முன் பெஞ்சு செல்லம்மை தூக்குச்சட்டியைத் திறக்காமல் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இல்லாமல் நெல்லுக்குப் பசிக்குமாம். மேகத்துக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் வரும், கஞ்சிக்காவது ஆகும் என்று நான் சமாதானம் சொன்ன பிறகுதான் சட்டியைத் திறந்தாள். கேட்டுக்கொண்டிருந்த கணக்கு சார் தலையில் அடித்துக்கொண்டார்: "ஓய், பேசாம வாய்ப்பாடு சொல்லிக்குடும். அது ஒரு பிள்ளையையும் அழ வைக்காது."

அயோடின்

சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு நாள், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், முற்றத்துச் செம்பருத்தியில் ஓர் இலையின் நடுவே கறுப்புத் தாளைச் சுற்றி வைத்தேன். இலையைப் பறித்து, ஸ்பிரிட்டில் வேகவைத்து அயோடின் விட்டால், சோறு உள்ள இடம் கருநீலமாகும். தாள் மறைத்த இடம் வெளிறியே இருக்கும். "அந்த இடம் மட்டும் பட்டினி கிடக்கு" என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் உச்சிப்பொழுது. இன்ஸ்பெக்டர் முன்னால் தாளை அவிழ்த்து, வேகவைத்து, அயோடின் விட்டேன். இலை முழுவதும் கருநீலம். ஓர் இடம்கூட வெளிறவில்லை. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். செல்லம்மை எழுந்து நின்றாள். "நான்தான் சாரே. காலம்பற தாள எடுத்துட்டு, இப்பம்தான் திருப்பிச் சுத்தினேன். மத்த இலையெல்லாம் உண்ணும்போ அது மட்டும் பட்டினி கெடக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே வெயிலையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் மெல்லச் சொன்னார்: "மோளே, எலை ஊணு கழிச்சாச்சு. இனி நம்மளும் உண்ணண்டாமா?"

வேலை நிலைத்தது, அது என் பாடத்துக்குக் கிடைத்ததா, அந்த இலை அன்று காலையில் உண்ட சோற்றுக்குக் கிடைத்ததா என்று வெயில் நன்றாக அடிக்கும் மத்தியானங்களில் யோசிக்க ஆரம்பித்து, விடை தெரிவதற்குள் தூங்கிப்போகிறேன்.