பேத்திக்குத் தைத்த கவுன்

எங்கள் தெருத் தையல்கார அக்கா, வெளிநாட்டில் பிறந்த பேத்திக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருந்தார். போய்ப் பார்க்க அப்போதே விசாவும் கிடைத்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனை யாரிடம் விட்டுப் போவது? போகவில்லை. பேத்தி வளர வளர, உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்துக் கவுனைப் பெரிதாக்கினார்.

புருஷன் கண்ணை மூடியபின் மறுபடி விசா கேட்டுப் போனார்.

"இங்க உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?" என்றார் அதிகாரி.

"இனிமே யாருங்க இருக்கா? எல்லாரும் அங்கதான்" என்றார் அக்கா, வெள்ளந்தியாக.

திரும்பி வரமாட்டார் என்று மறுத்துவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பொய் சொல்லியிருந்தா குடியா முழுகியிருக்கும்?" என்று கத்தினேன்.

அக்கா கவுனைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல பெருசாக்க உள்ள துணி இல்லடி" என்றார்.