பேட்டரிக்குப் பொட்டு வைத்த தாய்மாமன்

விஜயதசமி காலை ஏழரை மணிக்கு என் கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகினால் டிக் டிக் என்றதோடு சரி. கீழக்குயில்குடியில் என் தங்கை மகளுக்கு அன்று காதுகுத்து. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர்த்தட்டெல்லாம் டிக்கியில் இருந்தன.

அவனியாபுரத்தில் ஆட்டோவுக்கா பஞ்சம்? பஸ்ஸிலோ ஆட்டோவிலோ நேரத்துக்கு வந்தால் போதும் என்று தங்கை முந்தின நாளே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் கௌரவம் விடவில்லை. பழைய கார்தான், ஆனால் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் மாமியார் வீட்டார் இன்னும் பார்க்கவில்லை. பந்தல் முன்னால் காரை நிறுத்தி, கூலிங்கிளாஸைக் கழற்றியபடி நான் இறங்குவதை மனசுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

ஆகவே பானெட்டைத் திறந்தேன். வீடியோ பார்த்தே அரை மெக்கானிக் ஆனவன் நான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகி, நன்றாக இருந்த ஹாரனையும் ஊமையாக்கினேன். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேரைத் தள்ளச் சொன்னேன். பாவம், தெருமுனை வரை தள்ளினார்கள். அங்கே போன பிறகுதான் நான் கியரே போடவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது? இதற்கிடையில் தங்கை மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் கிளம்பிவிட்டேன் என்றேன். கடைசி முறை, பைபாஸில் வந்துகொண்டிருப்பதாகவே சொல்லிவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு மெக்கானிக்கிடம் சரணடைந்தேன். ஆயுத பூஜையில் வைத்த ஸ்பேனரை மறுபூஜை போடாமல் தொடமாட்டேன், வேண்டுமானால் சும்மா வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார், குனிந்து பார்த்தார்.

"அண்ணே, காருக்குப் பொட்டு வைங்க, வேணாங்கல. பேட்டரி முனைக்கு வச்சா கரண்டு எப்படிண்ணே போகும்?"

முந்தின நாள் பூஜைக்காக எல்லாவற்றையும் துடைத்தபோது, பேட்டரி கிளாம்புகளைக் கழற்றி, இரண்டு முனைக்கும் கெட்டிச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மேலேயே திரும்ப மாட்டியது சாட்சாத் நான்தான். ஈரம் இருந்தவரை வண்டி ஓடியிருக்கிறது. காய்ந்ததும் நின்றுவிட்டது. கிளாம்பை நான் ஒழுங்காக முறுக்கவும் இல்லை. அவர் வெறுங்கையால் அதை உருவி, என் வீட்டுச் சாவியால் சந்தனத்தைச் சுரண்டி, அழுத்தி மாட்டினார். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது. அப்போது மணி பத்தரை.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. காரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தலில் பாதி நாற்காலி காலி. ஆசாரி மட்டும் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நேரம் போகிறது, பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் வீட்டில் சொன்னபோது தங்கை சம்மதிக்கவில்லையாம். எங்கண்ணன் பைபாஸில் வந்துக்கிட்டிருக்கு என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அழுது களைத்துத் தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"காரு வேணும்னு ஆருண்ணே கேட்டா? ஒன் மடியத்தான கேட்டேன்."

சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னாள். வெட்கமாக இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கை முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.