தேவயானி திருப்பிக் கொடுத்த டென்ஷனர்

வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதல் போன் தேவயானிக்குத்தான் வரும். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டாள். டிரைவரும் அவளேதான். அவளை விடாமல் கூப்பிடுகிறவர் செல்லப்பன். மக்காச்சோளம் பயிரிட்டுக்கொண்டிருந்த மனிதர், சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி பெரம்பலூரில் டயாலிசிஸ். மகன் ராஜராஜனுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. அப்பாவை அவன் ஒப்படைத்திருந்தது தேவயானியிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாவியைத் திருப்பியதுமே என்ஜினுக்குள் கரகரவென்று இரும்பு உரசியது. சூடானால் அடங்கிவிடும் என்று பார்த்தாள். அடங்கவில்லை. பின்சீட்டில் செல்லப்பன். நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்ற பயத்தோடேயே அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, மெல்ல உருட்டிக்கொண்டு இலியாஸ் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் கார் வேலை பார்த்துத் திரும்பியவர்.

அவர் என்ஜினின் முன்மூடியைக் கழற்றியதும் அவளுக்கே தெரிந்தது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தொங்கிக் கிடந்தது. அது உரசாமல் ஓட வழிகாட்டும் பிளாஸ்டிக் கைடு உடைந்திருந்தது.

“ஒரு துண்டைக் காணோம்மா. கீழே ஆயிலுக்குள்ள வுழுந்திருக்கும். இதோட ஓட்டுனா செயின் பல்லு தாண்டிடும். வால்வு பிஸ்டன்ல மோதி, ஓடுற ஓட்டத்துலயே என்ஜின் போயிடும்.”

“செயினை மட்டும் மாத்துனா போதாதா பாய்?”

“பல்சக்கரத்தைப் பாருங்க, கூராயிடுச்சு. செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் முழுசா வெளிய வந்து நிக்குது. பழசோட புதுசைச் சேர்த்தா புதுசும் சீக்கிரம் கெட்டுடும். செட்டாத்தான் போடணும்.”

டவுனில் ஒரு கடையில் பேர் தெரியாத கம்பெனி செட் கையிலேயே இருந்தது. போட்டால் மறுநாளே வண்டி ஓடும். கார் கம்பெனியின் செட் திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வரும். அன்று செல்லப்பனைத் தெரிந்த டிரைவர் ஒருவர் வீட்டில் விட்டுவிடுவார். வியாழக்கிழமையும் டயாலிசிஸ், அதே நாள் முகூர்த்தம். தெரிந்த டிரைவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வண்டி கொடுத்திருந்தார்கள்.

ராஜராஜன் போனில் அவசரப்பட்டான். “எதையாவது மாட்டி வண்டியை எடுங்கக்கா. அப்பாவால பஸ்ல வர முடியாது.”

தேவயானி கடை செட்டை வாங்கி வந்தாள். மேசைமேல் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தார்கள். செயின் சரியாக இருந்தது. கைடின் ஓட்டைகளும் பொருந்தின. இலியாஸ் டென்ஷனரைப் பூட்டியிருந்த ஊசியை உருவியதும் உள்ளிருந்த தண்டு வெளியே வந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது.

“இறங்கக் கூடாதேம்மா. வெளிய வந்தா பல்லு புடிச்சு அங்கயே நிக்கணும்.”

அவள் பழைய டென்ஷனரை எடுத்து அழுத்தினாள். கல் மாதிரி நின்றது. கடையில் வேறு டப்பா மாற்றி வந்தாள். அதுவும் விரலுக்கு இறங்கியது.

“ஆயில் பிரஷர் வந்தா தாங்கும்னு கடைக்காரர் சொல்றார்” என்றாள்.

“தாங்கலாம். தாங்காமலும் போகலாம். ஓட்டப்போறது நீங்க.”

கடை செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருச்சி செட்டுக்குச் சொல்லும்படி இலியாஸிடம் சொன்னாள். இதைக் கேட்டதும் ராஜராஜன் போனை வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அவளே செல்லப்பனைப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். போகும்போது உட்கார இடம் கிடைத்தது. திரும்பும்போது கல்யாணக் கூட்டம். யாரோ எழுந்து இடம் கொடுப்பதற்குள் அவர் முகம் வெளுத்து, அவள் தோளிலேயே சரிந்தார். பஸ்ஸை நிறுத்தி, சாலையோர மரத்தடியில் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ‘அந்த டப்பாவையே மாட்டியிருக்கலாமோ?’ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. ஆம்புலன்ஸ் வந்து பெரம்பலூருக்கே திருப்பிக் கொண்டுபோனது. அன்று மாலை கண் விழித்துக் காபி கேட்டார். வார்டுக்கு ஓடிவந்த ராஜராஜன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“உங்க புடிவாதத்துக்கு எங்கப்பாதானா கெடச்சாரு?”

அவள் காபி டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை செட் வந்தது. டென்ஷனரை முதலில் அவள்தான் அழுத்திப் பார்த்தாள். நின்றது. ஆயில் தொட்டியைக் கழற்றியபோது காணாமல் போன கைடுத் துண்டு சல்லடையில் சிக்கியிருந்தது. எல்லாம் மாட்டி, செயினிலும் பல்சக்கரத்திலும் உள்ள குறிகளைச் சேர்த்து, இலியாஸ் ஸ்பேனரால் என்ஜினைக் கையால் சுற்றினார். பாதியில் இறுகியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்வு மோதுகிறதா, உள்ளே அடைபட்ட வெறும் காற்றழுத்தமா? மெல்ல இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வழிவிட்டது. மறுபடி சுற்றினார், குறிகள் சரியாக வந்து நின்றன.

“பிஸ்மில்லாஹ். சாவியைப் போடுங்க.”

என்ஜின் பிடித்தது. உள்ளே அதே கரகரப்பு! அவள் கை அணைக்கப் போனது. “இருங்க, ஆயில் ஏறட்டும்” என்றார் இலியாஸ். சத்தம் தேய்ந்து, சட்டென்று நின்றது. தேவயானி ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை செல்லப்பன் வீட்டு வாசலில் ராஜராஜன் நின்றிருந்தான். ஷிப்டுக்குப் போகவில்லை. அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தானும் முன்னால் ஏறிக்கொண்டான். வேப்பந்தட்டை தாண்டியதும் செல்லப்பன் கேட்டார்.

“என்னம்மா, இன்னிக்குப் பாட்டே போடல?”

“இன்னிக்கு வேணாங்கய்யா” என்றாள். வழி முழுக்க என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினாள். ராஜராஜனும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.