நாலு விரல் இடம்

ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முற்றாகிவிட்டது என்று வீடே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வாப்பா ஓட்டுவார், அவர் பக்கத்தில் உம்மா. பின்னால் மூத்தவள் ராத்தா, அடுத்தவன் நானா, நான். ஐந்து பேருக்கு ஐந்து இடம். எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணம் முடித்த பெண் எங்கேயும் போய்விடுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆக, ஆறாவதாக ஓர் ஆள் வரப்போகிறார். அதுவும் புது மாப்பிள்ளை, அவரை நெருக்கி உட்காரவைக்க முடியுமா? இறங்க வேண்டியது யார் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது, வீட்டில் கடைசி.

என் நானா இதைச் சும்மா விடுவானா?

"ஒன்ன மேல கெரியர்ல வெச்சுக் கட்டிட்டுப் போவம். மழ வந்தா படங்கால மூடிவிடுற."

அந்த ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. கிழமை நாட்களில் அது சம்மாந்துறை வயலுக்கு உர மூட்டை சுமக்கும். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா பின்பக்கத்தைக் கூட்டித் துடைத்து, எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒலுவில் கடற்கரைக்குப் போவார். கிழமை முழுக்க நான் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. அதைப் போய் முகம் தெரியாத ஓர் ஆளுக்கு விட்டுக்கொடுப்பதா! கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க மாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்தேன். நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் அடக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"மாப்புள வந்தா ஜீப்புல நான் எங்க வாப்பா இரிக்கிற?"

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். நானா சிரித்தான். ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். உம்மா, பக்கத்தில் இருந்த கூசா நிறையத் தண்ணீர் இருந்தும், தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போனார்.

"இடம் போடுவம் மகள்," என்றார் வாப்பா. "வாப்பா போட்டுத் தாறன்."

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பாண்டிருப்பில் சீட் வேலை செய்கிற பாஸிடம் போனார். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். காதில் பென்சில் செருகிய மெலிந்த மனிதர் அவர். கொஞ்சம் வயல் வைத்திருக்கிற எவரையும் போடியார் என்று கூப்பிட்டுப் பெரிய மனிதராக்கிவிடுவார். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தரையில் கிடந்த றப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் உரத்தூளும் உமியும். ஈரம் பட்ட ஒரு மூலையில் இரண்டு நெல் முளைத்தே இருந்தது.

"வயலுக்குப் போகத் தேவல்ல போல போடியார், இதுக்குள்ளயே விதைக்கலாம்," என்று சொல்லிவிட்டு, தரையை வழித்துத் துடைத்து, திருப்புளியால் நாலைந்து கறுப்பு மூடிகளை நெம்பி எடுத்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு துளை.

"பாத்தீங்களா, வண்டி செஞ்சவன் சீட் வெக்கத்தான் ஓட்ட விட்டிரிக்கான். நீங்கதான் இவ்வளவு காலமும் உர மூட்டைய இருத்தி வெச்சிரிக்கீங்க."

எனக்கு ஒரே ஆச்சரியம். இடம் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல்!

இதே மாதிரியான வேறொரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய இரண்டு சின்னச் சீட்டுகளை பாஸ் கொண்டுவந்தார். யன்னல் பக்கம் மடித்து வைக்கலாம், இறக்கினால் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சும்மா வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஏறி உட்காரச் சொன்னார். என் கால் தரையில் படவில்லை.

"பிள்ளைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இரிக்கி."

அப்போது வாப்பாவும் ஏறி எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார். வாப்பா நெடிய மனிதர். வயலில் மெஷின் மோதிய நாளிலிருந்து அவருடைய வலது முழங்கால் சரியாக மடியாது. நீட்டிய கால் என் சீட்டில் வந்து இடித்தது. பின்கதவால் வெளியே பார்த்தார். பிறகு இறங்கினார்.

"இவட சீட்ட நாலு விரல் கதவுப் பக்கம் தள்ளிப் போடுங்க பாஸ். பக்கத்தால ஒரு கால் நீட்டக் கூடியமாதிரி."

"அப்ப இந்த ஓட்ட சரிவராதே. புதுசாத் துளைச்சு, அடியில தகடு வெச்சு இறுக்கோணும். என்னத்துக்கு வீண் வேல? சின்னப் பிள்ளதானே இரிக்கப் போகுது."

"வளருவாதானே."

பாஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நாலு விரல் வளர இவக்குப் பத்து வருசம் செல்லும் போடியார்."

எனக்கு வந்ததே கோபம். உம்மாவைப் போலக் குள்ளம் என்று வீட்டில் கேட்டது போதாதென்று இங்கேயுமா? ஆனால் வாப்பா சிரிக்கவில்லை. இடுப்புப் பட்டியும் இரண்டு போடச் சொன்னார். பின்சீட்டைப் பொலிஸ் பார்க்காது என்றார் பாஸ். "பொலிசுக்கில்ல," என்றார் வாப்பா. உலகத்தில் என் உயரத்தை நம்புகிற ஒரே ஆள் வாப்பாதான் என்று எனக்குப் பெருமை பொங்கியது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, கல்யாண நாள்வரை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் காலையும் மாலையும் தொங்கினேன். வளர்ந்தது கையில் கொப்புளம் மட்டும்தான்.

புது றெக்சின் போர்த்திக்கொண்டு சீட் வந்தது. மேலே சுற்றியிருந்த பொலித்தீனைக் கிழிக்க நான் யாரையும் விடவில்லை. வெயிலில் அது தொடையில் ஒட்டிப் பிடித்தது, பரவாயில்லை. நானாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவக்கு ஒண்டு சரி. மத்தது ஆருக்கு?"

"ஆரும் வருவாங்க," என்றார் வாப்பா.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சானின் உம்மா எங்கள் எல்லோரையும் பகல் விருந்துக்கு அழைத்துப் போக அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தார். வாசல் படலையடியில் வாப்பா தன் சட்டைப் பையிலிருந்து ஜீப் திறப்பை எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

"பிஸ்மில்லாஹ் சொல்லி நீங்க ஓட்டுங்க மகன்."

புது மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். ராத்தா முன்னால் ஏறினாள். நடுவில் மச்சானின் உம்மா, எங்கள் உம்மா, நானா. நான் பின்னால் ஓடிப்போய் என் சீட்டை இறக்கி, பட்டியைப் போட்டுக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்தேன். அப்போது பின்கதவால் வாப்பா ஏறினார். மச்சான் பதறிப்போய்த் திரும்பினார்.

"மாமா, நீங்க முன்னுக்கு வாங்க!"

"இல்ல மகன், எனக்கு இதுதான் வசதி."

வலது காலை மெல்ல நீட்டினார். அது என் சீட்டுக்குப் பக்கத்தில், புதிதாக விட்ட இடைவெளியில், எங்கேயும் இடிக்காமல் போய் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முன்னுக்குக் கூப்பிட்டும் வாப்பா என்னோடு இருக்க வந்துவிட்டார்! "பாத்தீங்களா, வாப்பா எனக்கிட்டத்தான் வந்த!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். உம்மா திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புது றெக்சின் மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் புறப்பட்டது. பின்கண்ணாடியில் எங்கள் படலை சின்னதாகிக்கொண்டே போனதை வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் காணுமா மகள்?"

"ஓம் வாப்பா, தாராளமாக் காணும்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

திரும்பி வந்த பிறகு, எப்போதும் கதவோரத்து ஆணியில் தொங்குகிற ஜீப் திறப்பு அங்கே இல்லை. மறுநாளும் இல்லை. வாப்பா அதற்குப் பிறகு வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போனார். வீடு ராத்தாவுக்கு என்று எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஜீப்பும் அதோடு சீதனமாகப் பேசப்பட்டிருந்தது என்பதையும், அது நாங்கள் பாண்டிருப்புக்குப் போவதற்கு முன்பே நடந்தது என்பதையும் எத்தனையோ வருடம் கழித்து உம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

மச்சான் நல்ல மனிதர். ஒரு வெள்ளிக்கிழமைகூட எங்களை விட்டுவிட்டுப் போனதில்லை. ஆனால் கொடுத்த வண்டியில் நானும் வரட்டுமா என்று மருமகனிடம் கேட்கிற ஆள் வாப்பா இல்லை. கேட்க வேண்டி வராதபடி, கொடுக்கும் முன்பே இரண்டு இடத்தைப் போட்டு, அடியில் தகடு வைத்து இறுக்கிவிட்டார். ஒவ்வொரு வெள்ளியும் ஒலுவில்வரைக்கும் அவர் என் எதிரே, காலை நீட்டிக்கொண்டு வந்தார்.

பாஸ் சொன்னதுதான் சரி. நான் உம்மாவைப் போலத்தான் ஆனேன். அந்த நாலு விரல் எனக்குத் தேவைப்படவேயில்லை.