கப்பல் ஏறாத பிஞ்சுகள்

பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் வழியில், சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஒன்பது வருடங்களாக அதன் சாவி பாக்கியமேரியிடம்தான். மாலை நான்கு மணிக்குத் திறப்பார். சுற்றுப்பட்டு விவசாயிகள் இருபத்திரண்டு பேர் அன்று பறித்த கெர்கின் பிஞ்சுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். விரல் நீளமே இருக்கும் வெள்ளரி ஜாதி அது. நம் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு கம்பெனி விதை கொடுத்து, விளைந்ததை எடுத்து, வினிகரில் ஊறவைத்து, டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றும். இந்தக் கொட்டகைச் சரக்கில் பெரும்பகுதி ரஷ்யாவுக்குத்தான் போனது. பிஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து, எடை போட்டு, ஆறரை மணி வண்டியில் ஏற்றுவது பாக்கியமேரியின் வேலை.

கணவர் லியோன் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. மகள் சில்வியா கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. அவருக்குப் பேச்சு என்று இருந்தது அந்த இரண்டரை மணி நேரம்தான். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது, எல்லாம் அங்கேதான் காதில் விழும். அந்த விவசாயிகளில் காவேரி தினமும் கடைசியாக வருவாள். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

2022 தை மாதம் காவேரி தக்காளி நடலாமா என்று யோசித்தபோது பாக்கியமேரிதான் தடுத்தார். "தக்காளி எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்? இது முன்னாடியே பேசின வெல. நான் இருக்கேன், தைரியமா போடு." காவேரி முக்கால் ஏக்கரில் கெர்கின் விதைத்தாள்.

கொடியில் பூ எடுத்த வாரம் உக்ரைனில் சண்டை மூண்டது. பாக்கியமேரி அதை டிவியில் பார்த்தார். ஒரு ரயில் நிலையத்தில் தன் வயதுப் பெண் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து நாள் கழித்து ஒரு மதியம், கம்பெனி ஃபீல்டு ஆபீசர் ரஞ்சித்குமார் போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்கு வண்டி வராது. ரஷ்யாவுக்குப் போற கப்பல்காரங்க புக்கிங்க நிறுத்திட்டாங்க. அடைச்ச டிரம்மே ஃபேக்டரியிலயும் ஹார்பர்லயும் தேங்கிக் கெடக்குது. வெக்க எடமில்ல."

"நாளைக்கு?"

"தெரியலைங்க்கா. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீங்க வந்து சொல்லுங்க சார். நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"வரேங்க்கா" என்றார். வரவில்லை. மறுநாளிலிருந்து அவர் போனை எடுக்கவும் இல்லை.

அன்று மாலை சாக்குகள் வந்து இறங்கின. பாக்கியமேரி கொட்டகை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். காய் கொண்டுவந்தவர்களில் ஒருவரான யாகப்பன், "எங்கியோ சண்ட நடந்தா எங்க காய ஏங்க எடுக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். கப்பல், துறைமுகம் என்று பாக்கியமேரி தனக்குப் புரிந்தவரை விளக்கினார். கடைசியில் வந்த காவேரி சாக்கை இறக்கவே இல்லை.

"கப்பலப் பத்தி எனக்கு என்ன தெரியும் மேரியக்கா? எனக்கு உங்களத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

கெர்கின் ஒரு நாள் பறிக்காமல் விட்டாலே பருத்துவிடும். நான்காம் நாள் கொடிகளில் கை மொத்தத்துக்குக் காய்கள் தொங்கின. மாடுகள் இரண்டு நாள் தின்றன. பிறகு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

யாரும் பாக்கியமேரியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். தவக்கால வெள்ளியன்று சிலுவைப்பாதைக்குப் போனபோது, யாகப்பன் குடும்பம் எழுந்து கோயிலின் மறுபக்கம் போய் முழந்தாளிட்டது. மாலை நான்கு மணி ஆனால் கால்கள் தானாகக் கொட்டகைக்கு நடந்தன. காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஆறரை வரை உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஒரு நாள் பஸ் ஏறி ஃபேக்டரிக்கே போனார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட் கம்பிகள் வழியாகப் பார்த்தார். மதில் உயரத்துக்கு நீல டிரம்கள் அடுக்கி, நடக்கும் வழியிலும் நிறுத்தியிருந்தார்கள். ரஞ்சித்குமார் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதைச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு சில்வியா போனில் அழுதாள். "சண்டய நீயாம்மா ஆரம்பிச்ச? வூட்டப் பூட்டிட்டு இங்க வா."

"இப்ப வந்தா ஓடிப்போய்ட்டான்னுதான் சொல்லுவாங்க."

மறுநாள் காலை காவேரியின் தோட்டத்துக்குப் போனார். அவளும் புருஷன் மாதுவும் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கியமேரி சேலையைச் செருகிக்கொண்டு மறுகோடியிலிருந்து தொடங்கினார். காவேரி ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். வெயில் உச்சிக்கு வரும்வரை மூன்று பேரும் கொடி கட்டிய கயிற்றை அறுத்து, குச்சிகளைப் பிடுங்கிக் குவித்தார்கள். மாது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த மாதம் இப்படி ஒன்பது தோட்டங்களுக்குப் போனார். இரண்டு இடத்தில், "வேணாங்க, நாங்களே பாத்துக்கறோம்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆடி மாதம் ரஞ்சித்குமார் மறுபடி கூப்பிட்டார். வேறு நாடுகளில் ஆர்டர் கிடைத்திருக்கிறது, விதை கொடுக்கலாம் என்றார்.

"மொதல்ல நீங்க வாங்க சார். அவங்க முன்னாடி நின்னு நீங்களே பேசுங்க. அப்புறம்தான் நான் சாவிய எடுப்பேன்."

வந்தார். தலை குனிந்து நின்று, மார்ச் மாதமே வந்திருக்க வேண்டும் என்றார். இந்தக் கப்பலும் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யாகப்பன் கேட்டார். பாக்கியமேரி குறுக்கே பேசினார். "நிக்கலாங்க. நிக்காதுன்னு நான் இனிமே சொல்ல மாட்டேன். மனசுக்கு ஒத்துவந்தா போடுங்க." ஆறு பேர் விதை வாங்கினார்கள். யாகப்பனும் வாங்கினார். காவேரி வாங்கவில்லை.

இப்போது பிரிக்கிற வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது. ஆறு பேரும் காய் கொடுத்ததும் போய்விடுகிறார்கள். வண்டி வரும்வரை பாக்கியமேரி தனியாகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சில நாட்களில் காவேரி பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு, காலிப் பெட்டிகளோடு டிராக்டரில் அந்த வழியே திரும்புவாள். பெரும்பாலும் நேரே பார்த்தபடி போய்விடுவாள். எப்போதாவது கை தூக்குவாள். அப்படிக் கை தூக்கிய அன்று பாக்கியமேரி வீட்டுக்குப் போனதும் சில்வியாவுக்குப் போன் போட்டு, முதல் செய்தியாக அதைத்தான் சொல்வார்.