நான்காம் நம்பர் மாப்பிள்ளை

திண்டிவனம் பாண்டுரங்கனுக்கு இரண்டு வேலைகள். ஒன்று சோறு போட்டது, மற்றது அந்தச் சோற்றை ஆற வைத்தது. முதலாவது மாட்டுத் தரகு. இரண்டாவது ‘புயல் பிரதர்ஸ்’ கபடிக் குழுவின் செயலாளர் பதவி. அதற்குத் தேர்தலும் கிடையாது, சம்பளமும் கிடையாது, கழன்றுகொள்ள வழியும் கிடையாது.

குழுவின் ஆபீஸ் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகரக் கொட்டாய். உள்ளே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று செயலாளருக்கு. ஒன்று பயிற்சியாளர் ராயப்பனுக்கு. அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலை மட்டும் ஓய்வு பெற விடவில்லை. மூன்றாவது நாற்காலியில் பாண்டுரங்கனின் மனைவி அம்சா வடகம் காய வைப்பார். அவர் நிர்வாகத்தில் இல்லைதான். ஆனால் நிர்வாகத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

குழு மூன்று வருடங்களாகக் கடைசி இடத்தில் கிடந்தது. அந்த வருடக் கார்த்திகைப் புயலில் மாவட்டமே தண்ணீரில் மிதந்த பிறகு ஊர்க்காரர்கள் பெயரையும் பிடித்துக்கொண்டார்கள். “புயல்னு பேர வெச்சிக்கினு இவனுங்க அசையவே மாட்டேங்கறானுங்க, நெசப் புயல் வந்து ஊரத் தூக்கிக்கினு போவுது” என்று டீக்கடையில் பேச்சு. பாண்டுரங்கன் அந்தக் கடையில் டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

“ரங்கா, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஆவாது. டீம இடிச்சிட்டுப் புச்சா கட்டணும்” என்றார் ராயப்பன் ஒருநாள்.

“எத இடிக்கறது சார்?”

ராயப்பன் தகரத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், வடகத்தைப் பார்த்தார். மைதானத்தில் முட்டியில் பெல்ட் கட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த தேவாவை மட்டும் பார்க்கவில்லை. பாண்டுரங்கனுக்கு விளங்கிவிட்டது.

தேவா குழுவின் கேப்டன். நான்காம் நம்பர் பனியன். ஒரு காலத்தில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற பாண்டுரங்கன் மாப்பிள்ளைக்குக் காலைப் பார்த்தார். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் தன் ஒரே மகள் கலைப்பிரியாவை அவனுக்குக் கொடுத்தார். ஆகவே இடிக்க வேண்டிய சுவர் அவருடைய சொந்த மாப்பிள்ளை.

இப்போது அந்த முட்டி போய்விட்டது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன், கிளட்சை மிதிக்கும்போதே முகம் சுளிப்பான். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ரெய்டு அவன்தான் போவான், முதல் ஆளாக அவன்தான் பிடிபடுவான். வெளியே உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. செயலாளர் வீட்டு மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? செயலாளர்தான் சொல்ல வேண்டும். செயலாளரோ ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த மாப்பிள்ளைக்கு முதல் தட்டு வைத்து, கருவாட்டுக் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டுவிட்டு, “மாப்ள, இன்னுங் கொஞ்சம் களி?” என்று கேட்கிறவர்.

சுற்றுவட்டாரக் குழுக்கள் சேர்ந்து நடத்துகிற லீக் அது. சீசனுக்கு முன்னால் ஒரு குழு ஓர் ஆளைக் கொடுத்து வேறொரு குழுவிடம் ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மயிலம் குழுவில் திருமுருகன் என்று ஒரு புதுப் பையன். மின்னலாகப் போய்வருகிறவன். ராயப்பன் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “அவன் வந்தா மூணு வருசத்துல நாம எங்கியோ போயிருவோம்” என்று புலம்பினார்.

மயிலம் குழுவின் செயலாளர் விருத்தாசலம். அவரும் மாட்டுத் தரகர்தான். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடித்தார்களோ அத்தனை. சுற்றி நிற்கிறவன் கண்ணுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனோடு யாரும் கை கோக்க மாட்டார்கள்.

விருத்தாசலத்திடம் ஒரு சிக்கல் உண்டு. தீவனம் வெட்டும் மிஷின் அவருடைய வலது கைச் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் அவரிடம் நான்கு என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விரலைப் பிடித்து, சுண்டுவிரல் இருந்த மொட்டையை ஓர் அழுத்து அழுத்த வேண்டும். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

அன்றைக்குச் சந்தையில் கூட்டம். விருத்தாசலம் மல்லாட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே வந்தார். “இன்னா ரங்கா, திருமுருகன் மேல கண்ணு வெச்சிக்கினு இருக்கியாமே? தரேன். உங்க பக்கம் எந்த நம்பரு? துண்டுல சொல்லு. இங்க நிக்கறவன்லாம் நம்ம வாயத்தான் பாத்துக்கினு இருக்கான்.”

பாண்டுரங்கன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார். மூன்றாம் நம்பர் சீனுவாசன். சாதுப் பையன், போ என்றால் போய்விடுவான். துண்டைப் போட்டார். விருத்தாசலத்தின் மூன்று விரல்களைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் குனிந்து நிமிர்ந்த தேவாவின் முகம் நினைவுக்கு வந்தது, திருமுருகன் நினைவுக்கு வந்தான், உள்ளங்கை வியர்த்தது. கட்டைவிரல் நகர்ந்து அந்த மொட்டையின் மேல் போய் உட்கார்ந்தது.

விருத்தாசலத்தின் புருவம் ஏறியது. “நெசமாவா?”

பாண்டுரங்கன் மாடுகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விருத்தாசலம் துண்டை எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் லீக் கூட்டம். மாற்றங்களை உரக்கப் படித்தார்கள். “புயல் பிரதர்ஸ், நாலாம் நம்பர் தேவா, மயிலத்துக்கு. ஆட்சேபனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.” எழுந்து நின்று ‘மூன்று’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாண்டுரங்கனுக்கு அப்போது பார்த்துத்தான் இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் அடுத்த குழுவின் பெயரைப் படித்துவிட்டார்கள்.

பஸ் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் மகளிடமிருந்து போன்.

“அப்பா, எம் புருசன மாட்டுச் சந்தையில வித்துட்டியாமே?”

“விக்கலம்மா. மாத்துனேன்.”

“மாத்தறதுக்கு அவரு இன்னா பால் வத்துன மாடா?”

“தப்பா பூடுச்சிம்மா. விரலு பட்டுடுச்சி. மூணுதான் புடிச்சேன், கட்டவெரலு தானா போயிப் பட்டுடுச்சி.”

போன் வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தால் அம்சா வாசலிலேயே நின்றார். “பட்டுச்சா, அழுத்துனீங்களா?”

“பட்டுச்சி.”

“என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க.”

அவர் மாட்டின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மாடு நம்பியது.

அதற்கப்புறம் திண்டிவனத்தில் அந்தக் கேள்விதான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், முடிவெட்டும் கடையில் கத்தி கழுத்தில் இருக்கும்போது, “பட்டுச்சா அழுத்துனியா ரங்கா?” பட்டது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே எது நிஜம் என்று பிடிபடாமல் போயிற்று. சில சமயம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதைக் கேட்டால் தெரியும். ஆனால் கேட்கப் பயமாக இருந்தது.

தேவா ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பெரிய பேஜாராகப் போயிற்று. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். அவன் பாட்டுக்கு மயிலம் போனான், பயிற்சி செய்தான், குட்டியானையை ஓட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வழியாகவே போனான். வண்டி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா மட்டும் வந்தாள், அம்மாவிடம் பேசினாள், போனாள். அம்சா ஒவ்வொரு ஞாயிறும் மாப்பிள்ளை தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கவிழ்த்த தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பாண்டுரங்கன் களியை விழுங்கினார். மாப்பிள்ளை இனி இந்த வீட்டில் சாப்பிட மாட்டானோ என்ற பயம் அவரைத் தின்றது. லீக்காவது மண்ணாவது என்று கூடச் சில நாள் தோன்றியது.

புயல் பிரதர்ஸ் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்ததிலும் தோற்றார்கள். ஆனால் தோற்றுவிட்டு வெளியே வரும்போது ராயப்பன் சிரித்துக்கொண்டு வந்தார். திருமுருகன் போகிற ரெய்டையெல்லாம் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. அப்புறம் ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். டீக்கடைக்காரர் பாண்டுரங்கனை வலிய அழைத்து டீ கொடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் ருசிக்கவில்லை.

கடைசி லீக் ஆட்டம் விழுப்புரம் மைதானத்தில், மயிலத்தோடு. அம்சாவும் வந்தார், கையில் தூக்குச்சட்டியும் பையும். கலைப்பிரியா மயிலம் பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மயிலத்தில் தேவாவை ரெய்டுக்கு அனுப்பவில்லை. ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள், வருகிறவன் காலைப் பிடிக்கிற கார்னர் இடத்தில். பாண்டுரங்கன் இதைக் கேள்விப்பட்டிருந்தார், பார்த்ததில்லை. ஓட வேண்டாம், முட்டிக்கு வேலை இல்லை, கைக்குத்தான் வேலை. இத்தனை வருடம் ரெய்டு போனவனுக்கு வருகிற ரெய்டர் எப்போது எந்தக் காலை நீட்டுவான் என்று அத்துப்படி. ஒருத்தனைப் பிடித்தான். இன்னொருத்தனைப் பிடித்தான். நம்ம டீமில் இதை யாருக்கும் யோசிக்கத் தெரியவில்லையே என்று ராயப்பன் விசிலைக் கடித்தார்.

கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் சம புள்ளி. திருமுருகன் பாடிக்கொண்டு போனான். இடப்பக்கம் ஆடினான், வலப்பக்கம் ஆடினான், போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான். தேவா குனிந்த வேகம் யார் கண்ணிலும் படவில்லை. கணுக்கால் அவன் இரண்டு கைக்குள் இருந்தது. பையன் துள்ளினான், இழுத்தான், மண்ணைப் பிறாண்டினான். தேவா விடவில்லை. விசில் அடித்தது.

“புடிச்சான் பாரு எம் மாப்ள!” என்று ஒரு கூச்சல். எழுந்து நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தது பாண்டுரங்கன். தோற்றது தன் குழு என்பது அவருக்கு நினைவே இல்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது.

“யோவ் ரங்கா, குந்துய்யா! நாம தோத்துட்டோம்” என்று ராயப்பன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கூட்டம் கலைந்தது. தேவா மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்தான். பின்னால் கலைப்பிரியா. அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு இருவரும் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. பாண்டுரங்கன் வாயைத் திறந்தார். அதற்குள் தேவா அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவருடைய வலது கை மேல் போட்டு மூடி, தன் கையை உள்ளே விட்டான்.

“பட்டுச்சின்னா ஒண்ணு. அழுத்துனதுன்னா ரெண்டு. வாயால சொல்ல வேணாம் மாமா.”

“இன்னாடி பண்றாங்க இவங்க?” என்றார் அம்சா. கலைப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

துண்டுக்குள் பாண்டுரங்கன் தேவாவின் விரல்களைத் தேடினார். ஒன்றைப் பிடித்தால் முடிந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன அதே பதில், வாயால் கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அத்தனை வருடத் தரகில் துண்டுக்குள் அவர் பொய் சொன்னதில்லை. தேவாவின் கையில் எல்லா விரலும் இருந்தன. தப்பு நேர வழியே இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

தேவா துண்டை எடுக்கவில்லை.

“முட்டி பூடுச்சின்னு எனக்குத் தெரியாதா மாமா? தேவா, நீ போதும்டான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போயிருப்பேன். மாடு மாதிரி துண்டுக்குள்ள பேசி அனுப்சிட்டீங்களேன்னுதான் மனசு ஆறல.”

“சொல்ல வாய் வரல மாப்ள” என்றார் பாண்டுரங்கன். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்க முடியவில்லை, துண்டு இரண்டு பேர் கையிலும் மாட்டிக்கொண்டிருந்தது. “ஒங்கள நிறுத்தற தைரியம் எனக்கு இல்ல. அதான் அழுத்திட்டேன்.”

தேவா துண்டை எடுத்து மாமனாரிடமே கொடுத்தான். அவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பையன் எடது காலத்தான் எப்பவும் நீட்டறான். மாத்தச் சொல்லுங்க” என்றான் தேவா. பிறகு அம்சாவின் பக்கம் திரும்பித் தூக்குச்சட்டியைப் பார்த்தான். “இன்னா கொழம்பு அத்த?”

அம்சா பைக்குள் கையை விட்டு அந்தத் தட்டை எடுத்தார். கழுவிக் கவிழ்த்தே வைத்திருந்த தட்டு, வீட்டிலிருந்து விழுப்புரம் வரைக்கும் வந்திருந்தது. அதை நிமிர்த்தினார்.

“கருவாடு மாப்ள. குந்துங்க.”