ஓகே அழுத்தவும்

டிவியில் பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அறிவிப்பு என்றால் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, விதியைக் காட்டிப் பிறர் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

அன்று ஊரில் தேர். மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்து இரண்டாவது மாதம். அவள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அவளைத் தனியே விட்டு நான் வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் இருவருக்கும் மிச்சமிருந்த உலகம் கால்மாட்டில் இருந்த டிவிதான். உள்ளூர் கேபிளில் தேரோட்டம் நேரடியாக வந்துகொண்டிருந்தது. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் அவள் அண்ணன். முட்டி தேய்ந்துவிட்டதால் அந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தார்.

“வடக்குத் தெரு முக்குல திருப்புறத மட்டும் பாத்துட்டாப் போதும். அங்கனதான் எங்க அண்ணன் குனிஞ்சு கட்டை போடுவாக,” என்றாள்.

தேர் முக்கை நெருங்கியபோது டிவி அலறியது. திரை முழுதும் சிவப்பு. ‘இது சோதனை. பதற்றம் வேண்டாம். மறைய ஓகே அழுத்தவும்.’

“சோதனைன்னு இவுக வேற சொல்லணுமாக்கும்,” என்றாள், தன் காலைப் பார்த்தபடி.

அழுத்தினேன். மறையவில்லை. பொத்தான்கள் தேயக் கூடாதென்று ரிமோட்டுக்கு இரண்டு பாலித்தீன் உறை போட்டு, ரப்பர் பேண்டும் சுற்றிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிய்த்தெறிந்து மறுபடி அழுத்தியபோது, தேர் முக்கைத் திரும்பி முடித்து வடக்குத் தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே பேரிடர் மேலாண்மைத் துறைக்கு மனு அனுப்பினேன். விதியின் நகல், இணைப்புகள், ஒப்புகை அட்டை எல்லாம் முறைப்படி. பாலித்தீன் உறை பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. பிறகு இரண்டு நினைவூட்டல்கள். பதில் வந்ததா என்று அவள் கேட்கும்போதெல்லாம், பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன். எத்தனையோ பேருக்கு நான் சொன்ன அதே சொல்.

ஒருவழியாகப் பதில் வந்தது. இரண்டே வரி. ‘ரிமோட்டில் ஓகே அழுத்தியதும் அறிவிப்பு மறையும்படியே அமைக்கப்பட்டுள்ளது. மனுதாரர் முறையாக அழுத்தினாரா என்பதைத் தெரிவிக்கவும்.’

அவள் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு டிவிக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாற்காலியில் அவள் அண்ணன், திரையில் வேறொருவர் கட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதிருக்காக?” என்றாள்.

கடிதத்தை மடித்தேன். அன்று மறுவருடத் தேர்.